பாரசீகக் கம்பளத்தின் பூக்கள் எங்கே முளைத்தன?

ஈரானில் கம்பளம் நெய்பவர்கள் அதன் நடுப்பரப்பை ‘மத்ன்’ என்கிறார்கள். அதைச் சுற்றி வரும் கரைக்கு ‘ஹாஷியே’ என்று பெயர். அங்கே புத்தகம் படிக்கிறவர்களும் இதே இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்தின் நடுவில் எழுதியிருக்கும் மூலப் பாடம் மத்ன். அதைச் சுற்றி விட்டிருக்கும் ஓரமும், அந்த ஓரத்தில் எழுதும் குறிப்பும் ஹாஷியே. கம்பளத்துக்கும் ஏட்டுப் பக்கத்துக்கும் ஒரே பெயர்கள் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, இந்தக் கம்பளங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

பாரசீகக் கம்பளம் என்றதும் நம் கண்ணில் வருவது என்ன? நடுவில் ஒரு பெரிய பதக்கம், நான்கு மூலையிலும் அந்தப் பதக்கத்தின் கால்பங்கு, இடையெல்லாம் சுருண்டு ஓடும் கொடியும் பூவும், அப்புறம் அடுக்கடுக்காகக் கரைகள். இந்த அமைப்பு தறியில் பிறந்தது என்றுதான் எவரும் நினைப்போம். பிறந்தது காகிதத்தில். அதே நாட்டில், காகிதத்தையே பார்க்காமல் மனப்பாடமாக நெய்த கம்பளங்களும் நூற்றாண்டுகளாக உண்டு. அவற்றின் கோடுகள் வேறு மாதிரி இருக்கும். இந்த இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், முன்பின் தெரியாத ஒரு கம்பளத்தின் முன் நின்றாலும் அதன் கதையில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு சிறு விளக்கம். வியாபாரத்தில் ‘ஆன்டீக்’ என்று பொதுவாகச் சொல்வது நூறு வயது தாண்டிய கம்பளத்தை. இன்று விற்பனைக்கு வரும் பழைய பாரசீகக் கம்பளங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவற்றில் இருக்கும் கோலங்கள் கம்பளத்தைவிட மிகவும் மூத்தவை.

முடிச்சும் கோடும்

முதலில் நெசவை ஒருமுறை பார்த்துவிடுவோம். அது புரியாமல் மற்றது புரியாது.

தறியில் பாவு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பாவு இழைகளில் ஒரு கம்பளி நூலைச் சுற்றி, இழுத்து, மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். இதுதான் ஒரு முடிச்சு. ஒரு வரிசை முழுவதும் முடிச்சுப் போட்டதும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, பல் வைத்த கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். பிறகு அடுத்த வரிசை. வெட்டுப்பட்ட நுனிகள் லட்சக்கணக்கில் நெருக்கி நிற்பதுதான் நாம் கால் வைக்கும் மெத்தென்ற பரப்பு.

ஆக, ஒவ்வொரு முடிச்சும் ஒரு நிறப் புள்ளி. கட்டம் போட்ட நோட்டில் கட்டங்களை மட்டும் நிரப்பி ஒரு ரோஜாப் பூ வரைந்து பாருங்கள். நேர்கோடு சுலபமாக வரும். சாய்கோடு படிப்படியாக வரும். வட்டம் மட்டும் படுத்தும். கட்டம் பெரிதாக இருந்தால் வட்டம் எண்கோணமாகிவிடும். சிறிதாக இருந்தால்தான் கண்ணுக்கு வளைவாகத் தெரியும். கம்பளத்திலும் இதே கதைதான். முடிச்சு நெருக்கமாக இருந்தால் கோடு வளையும். அகலமாக இருந்தால் கோடு உடையும்.

ஆனால் நெருக்கம் மட்டும் போதாது. நெய்கிறவர் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஏறுகிறார். ஒரு பெரிய வளைவின் தொடக்கத்தில் இருக்கும்போதே அது இருநூறு வரிசை தள்ளி எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பூவை மனதில் வைத்து நெய்துவிடலாம். மூன்று முழ அகலப் பதக்கத்தை அப்படி நெய்ய முடியாது. அதற்கு வரைபடம் வேண்டும். வரைபடம் போட ஓவியர் வேண்டும். இங்கேதான் காகிதம் உள்ளே வருகிறது.

முடிச்சில் இரண்டு வகை உண்டு: இரண்டு இழைகளையும் சமமாகச் சுற்றுவது ஒன்று, ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னால் ஓட்டுவது இன்னொன்று. முதலாவதைத் துருக்கி முடிச்சு என்றும் இரண்டாவதைப் பாரசீக முடிச்சு என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்களை ரொம்ப நம்ப வேண்டாம். பாரசீக முடிச்சுக்கு ‘சென்னே முடிச்சு’ என்றும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் சென்னே என்ற ஊரில், அதாவது இன்றைய சனந்தஜில், நெய்வது பெரும்பாலும் துருக்கி முடிச்சில்தான்.

பனி காத்த கம்பளம்

இன்று கையில் இருக்கும் மிகப் பழைய முழுக் கம்பளம் ஈரானில் கிடைத்தது அல்ல. 1949இல் செர்கெய் ருடென்கோ என்ற சோவியத் தொல்லியலாளர் சைபீரியாவின் அல்தாய் மலைகளில் பஸிரிக் என்ற இடத்தில் ஒரு தலைவரின் கல்லறை மேட்டைத் தோண்டினார். பழங்காலத்திலேயே திருடர்கள் அதை உடைத்திருந்தார்கள். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, உறைந்து, உள்ளே இருந்ததை எல்லாம் பனிக்கட்டியாக்கிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கம்பளி மக்காமல் இருந்ததற்கு அந்தப் பனியே காரணம். கம்பளத்தின் காலம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மீட்டர் சதுரம். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் அமைப்பைப் பாருங்கள். நடுவில் 24 சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் போல விரிந்த ஒரு பூ. சுற்றிலும் கரைகள்: ஒன்றில் 24 மான்கள், இன்னொன்றில் குதிரையோடு 28 வீரர்கள், ஓரங்களில் சிறகு முளைத்த விலங்குகள். நடுப்பரப்பு ஒன்று, சுற்றிலும் பல கரைகள் என்ற ஏற்பாடு அப்போதே முழுதாக வந்துவிட்டது. அதை நெய்தது பாரசீகமா, ஆர்மீனியாவா, மத்திய ஆசியாவா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் கோலத்தின் சாயல் தெற்கே கைகாட்டுகிறது. நினிவேயில் அசீரிய மன்னன் அஷுர்பனிபாலின் அரண்மனை வாசற்படிகளில், கி.மு. 645 வாக்கில், கம்பளம் விரித்தது போலவே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தாமரைப் பூவும் மொட்டும் மாறி மாறி வரும் கரை, நடுவில் பூக்கட்டங்கள். அந்தக் கல் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கல்லில் செதுக்கியவர் கண்முன்னே துணியாலோ கம்பளியாலோ ஒரு விரிப்பு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தரையில் ஒரு தோட்டம்

காகிதம் வருவதற்கு முந்தைய பெரிய ஊற்று தோட்டம். ஈரானின் பெரும்பகுதி வறண்ட மேட்டு நிலம். அங்கே தண்ணீரும் நிழலும் இருக்கும் இடமே சொர்க்கம். இது வெறும் உவமை இல்லை. பழைய ஈரானிய மொழியில் ‘பைரிதயேஸ’ என்றால் சுற்றிச் சுவர் எழுப்பிய இடம். அந்தச் சொல்தான் கிரேக்கம் வழியாக ஐரோப்பிய மொழிகளில் ‘பாரடைஸ்’ ஆனது. அரபியில் ‘ஃபிர்தௌஸ்’ ஆனது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் சைரஸ் பசார்கடேயில் போட்ட தோட்டத்தின் கல் வாய்க்கால்களை இன்றும் பார்க்கலாம். ஒன்றையொன்று வெட்டும் நீரோடைகள் நிலத்தை நான்காகப் பிரிப்பது பிற்காலத்தில் ‘சாஹர் பாக்’, அதாவது நான்கு தோட்டம், என்று பெயர் பெற்றது.

தோட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. ஸாசானிய மன்னர்களின் தலைநகரான தெஸிஃபோனை 637இல் அரபுப் படை பிடித்தபோது அரண்மனையில் ஒரு பிரமாண்டமான விரிப்பு கிடைத்ததாக வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கிறார். மண்ணுக்குத் தங்க இழை, ஓடைகளுக்கும் பூக்களுக்கும் மணிகள். குளிர்காலத்தில் வெளியே பூ இல்லாத நாட்களில் அதன்மேல் அமர்ந்து மன்னர் விருந்துண்பாராம். ‘குஸ்ரோவின் வசந்தம்’ என்று அதைச் சொல்வார்கள். போர்க்கொள்ளையைப் பங்கிடும்போது அதைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். அது நாம் சொல்லும் பொருளில் முடிச்சுக் கம்பளமா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் தோட்டத்தையே தரையில் விரிக்கும் எண்ணம் அவ்வளவு பழையது.

அந்த எண்ணத்தின் மிக அழகான வாரிசுகள் 17ஆம் நூற்றாண்டில் கெர்மான் பகுதியில் நெய்தவை என்று கருதப்படும் தோட்டக் கம்பளங்கள். அவற்றில் ஒன்று கிளாஸ்கோவில் பரெல் தொகுப்பில் இருக்கிறது. இன்னொன்றைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜெய்ப்பூரில் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். 1632ஆம் ஆண்டிலேயே அது ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் சரக்கறைக் கணக்கில் ஏறியிருந்தது. மேலிருந்து பறவை பார்ப்பது போல ஒரு தோட்டம்: நடுவில் மண்டபம், நான்கு பக்கமும் வாய்க்கால், வாய்க்காலில் மீனும் வாத்தும் ஆமையும், கரையில் மரங்கள். தண்ணீரை அலை அலையான கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள். மரங்களோ நிற்கவில்லை, படுத்திருக்கின்றன. மேலிருந்து பார்த்த வாய்க்காலும் பக்கவாட்டில் பார்த்த மரமும் ஒரே படத்தில் சேர்ந்து இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நேரடியாகத் தோட்டம் வரையாத கம்பளத்திலும் தோட்டம் இருக்கிறது. கரையைச் சுற்றுச்சுவராகவும், நடுப்பரப்பைப் பூத்த நிலமாகவும் பாருங்கள். மேற்கு ஈரானில் பக்தியாரி மக்கள் வாழும் பகுதிகளில் கம்பளத்தைச் சதுரச் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மரமோ செடியோ வைப்பார்கள். செங்கல் அடுக்கியது போல இருப்பதால் அதற்கு ‘கெஷ்தி’ என்று பெயர். அது சாஹர் பாக் தோட்டத்தின் கிராமத்துப் பேத்தி.

கிழக்கே இருந்து வந்த மேகம்

பல கம்பளங்களில் ரிப்பனை முறுக்கிவிட்டது போல ஒரு நெளிந்த வடிவம் மிதக்கும். அது மேகம். சீன மேகம். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் ஈரானைப் பிடித்தார்கள். 1258இல் பாக்தாத் விழுந்தது. அந்த அழிவு சொல்லி மாளாதது. ஆனால் சீனா முதல் ஈரான் வரை ஒரே குடும்பத்தின் ஆட்சி இருந்ததால், பட்டும் பீங்கானும் அவற்றில் இருந்த வடிவங்களும் தடையில்லாமல் மேற்கே வந்தன. வடமேற்கு ஈரானில் தக்தே சுலைமானில் 1270களில் கட்டிய அரண்மனையின் சுவர் ஓடுகளில் சீன டிராகனும் ஃபீனிக்ஸும் இருக்கின்றன.

பூக்களின் பெயரிலேயே இந்தப் பயணம் பதிந்திருக்கிறது. கம்பளத்தில் ஓடும் கொடிகளைப் பாரசீக ஓவியர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். பூ இல்லாமல், இரண்டாகப் பிளந்த இலையோடு சுருளும் கொடி ‘இஸ்லிமி’. பூவும் மொட்டுமாக ஓடுவது ‘கதாயி’. கதா என்பது சீனாவுக்குப் பாரசீகர்கள் வைத்திருந்த பழைய பெயர். அதாவது, ‘சீனத்துப் பூங்கொடி’. அந்தக் கொடியில் பூக்கும் பெரிய, குறுக்கே வெட்டிய தாமரை போன்ற பூவுக்கு மட்டும் பிற்காலத்தில் ‘ஷா அப்பாஸி’ என்று உள்ளூர் மன்னர் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய பாரசீகப் பேரரசின் தலைநகரான பெர்செபோலிஸின் கற்களிலும் தாமரை இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய தாமரை ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது. சீனாவிலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்துகொண்டது.

ஏட்டிலிருந்து தறிக்கு

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம்.

15ஆம் நூற்றாண்டில் தைமூரின் வாரிசுகள் இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹெராத்தில் ஆண்டார்கள். இளவரசர் பைசுங்குர் அங்கே ஒரு ‘கிதாப்கானா’ நடத்தினார். சொல்லுக்கு நேர்ப்பொருள் புத்தக வீடு. நூலகம் மட்டும் அல்ல அது. எழுத்தர்கள், ஓவியர்கள், பொன் தீட்டுபவர்கள், தோல் அட்டை கட்டுபவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த பட்டறை. அங்கே நடந்த வேலைகளைப் பற்றித் தலைமை எழுத்தர் இளவரசருக்குக் கொடுத்த அறிக்கை ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் புத்தக வேலையோடு சேணத்துக்கும் கூடாரத்துக்கும் போட்ட கோலங்களும் வருகின்றன. ஒரே ஓவியர் கை, ஒரே கோலம், பல பொருள்கள். இந்த ஏற்பாடுதான் பின்னால் கம்பளத்தையும் உள்ளே இழுத்தது.

அதே காலத்து ஹெராத் ஓவியங்களில் மன்னர் அமர்ந்திருக்கும் கம்பளங்களைக் கவனியுங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள், எண்கோணங்கள், நட்சத்திரங்கள், திரும்பத் திரும்ப. நேர்கோடுகளின் உலகம். 16ஆம் நூற்றாண்டின் ஓவியங்களுக்கு வந்தால் கம்பளத்தில் கொடி சுருள்கிறது, பதக்கம் நடுவில் வந்து உட்கார்கிறது. 15ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கம்பளங்கள் நமக்கு அநேகமாக மிஞ்சவில்லை என்பதால், இந்த மாற்றத்துக்கு ஓவியங்களே பெரிய சாட்சி.

இடையில் என்ன நடந்தது? 1501இல் ஷா இஸ்மாயில் தப்ரீஸில் ஸஃபாவி ஆட்சியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஹெராத்தையும் பிடித்தார். ஹெராத்தின் தலைசிறந்த ஓவியர் பெஹ்ஸாத் பிற்பாடு தப்ரீஸுக்கு வந்து ஸஃபாவி கிதாப்கானாவின் தலைவரானார். 1524இல் பட்டத்துக்கு வந்த ஷா தஹ்மாஸ்ப் தானே ஓவியம் பயின்றவர். புத்தகக் கலை அரண்மனையின் மூச்சாக இருந்த காலம் அது. அரண்மனைக்குக் கம்பளம் தேவைப்பட்டபோது கோலம் போட யாரைக் கூப்பிடுவார்கள்? பக்கங்களுக்குப் பொன் தீட்டும் அதே கைகளைத்தான்.

அந்தக் காலத்துத் தோல் அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. நடுவில் ஒரு பதக்கம் அச்சழுத்தியிருக்கும். மேலும் கீழும் அதிலிருந்து ஒரு சிறு தொங்கல். நான்கு மூலையிலும் முக்கோணத் துண்டு. சுற்றி ஓரப் பட்டை. அப்படியே கம்பளம். பதக்கத்துக்கு ‘தொரஞ்ச்’ என்று பெயர். கடாரங்காய் வகையைச் சேர்ந்த ஒரு பழத்தின் பெயர் அது. மூலைத் துண்டு ‘லச்சக்’, அதாவது பெண்கள் தலையில் கட்டும் முக்கோணத் துணி. இரண்டையும் சேர்த்து ‘லச்சக் தொரஞ்ச்’ என்றுதான் இந்த அமைப்பை இன்றும் சொல்கிறார்கள். புத்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தில் சூரியன் போல விரியும் வட்டம் ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘ஷம்ஸா’. அந்தக் கதிர்களையும் கம்பளப் பதக்கத்தில் காணலாம்.

அவர்கள் கையாண்ட உத்தியும் புத்தகத்திலிருந்தே வந்தது. முழுக்கோலத்தையும் வரைய வேண்டியதில்லை. கால்பங்கு வரைந்தால் போதும். அதைத் திருப்பித் திருப்பிப் போட்டால் முழுமை கிடைத்துவிடும். தாளில் கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டினால் அடியில் இருக்கும் தாளில் கோலம் இறங்கும். ஏட்டில் செய்த இதே வேலையைக் கம்பள அளவுக்குப் பெரிதாக்கினார்கள்.

இதெல்லாம் ஒன்றுகூடிய இடம், அர்தபீல் என்ற ஈரானிய ஊரின் பெயரால் வழங்கும் அர்தபீல் கம்பளம். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் தரையிலேயே விரித்து வைத்திருக்கிறார்கள். சாயம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்கைக் கூட்டுகிறார்கள். நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். பட்டுப் பாவு, பட்டு ஊடை, கம்பளி முடிச்சு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் சுமார் 5,300 முடிச்சுகள். மொத்தம் இரண்டரைக் கோடிக்கும் மேல். நிறங்களோ பத்தே பத்து.

நடுவில் மஞ்சள் பதக்கம். அதைச் சுற்றிக் கூர்முனை கொண்ட 16 சிறு பதக்கங்கள். மேலும் கீழும் ஒவ்வொரு தொங்குவிளக்கு, ஒன்று பெரிது, மற்றது சிறிது. மூலைகளில் நடுப்பதக்கத்தின் கால்பங்கு. இந்த மூலைகளைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். கரைக்கு அப்பாலும் கோலம் போய்க்கொண்டே இருக்கிறது, நமக்குத் தெரிவது அதில் ஒரு சாளரம் அளவு மட்டுமே என்ற எண்ணம் வரும். அடர்நீல நிலத்தில் இரண்டு கொடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் விரலால் தொடர்ந்து போகலாம், எங்கேயும் அறுபடாது. வரைபடம் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.

ஒரு ஓரத்தில் சிறு பெட்டிக்குள் எழுத்து. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் இரண்டு வரிகள்: உன் வாசற்படியைத் தவிர உலகில் எனக்குப் புகலிடம் இல்லை, இந்தக் கதவைத் தவிர என் தலை சாய இடம் இல்லை என்பது அதன் பொருள். கீழே வாசலின் அடிமை மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும். நம் கணக்கில் 1539-40. மக்ஸூத் தன் கையால் முடிச்சுப் போட்டவராக இருக்க வாய்ப்பில்லை. வேலையை நடத்தியவராகவோ கோலம் அமைத்தவராகவோ இருக்கலாம். முடிச்சுப் போட்டவர்களின் பெயர் எதுவும் இல்லை. கம்பளத்தில் எழுத்து ஏறியதே புத்தகக்காரர்களின் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏட்டின் கடைசியில் பெயரும் தேதியும் போடுவது போலவே இங்கும் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஜோடியாக இன்னொரு கம்பளமும் இருந்தது. லண்டன் கம்பளத்தின் கிழிசல்களை ஒட்டுப்போட அதிலிருந்து வெட்டி எடுத்தார்கள். மிச்சம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது, கரை இல்லாமல். 1893இல் லண்டன் அருங்காட்சியகம் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியபோது, அதை வாங்கியே தீர வேண்டும் என்று பரிந்துரைத்தவர் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ்.

கூடாரத்தின் கோடு

அரண்மனையில் ஓவியர்கள் கொடி வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஃபார்ஸ் மாகாணத்தின் மலைகளில் ஆட்டு மந்தையோடு இடம்பெயர்ந்து திரிந்தவர்களும் நெய்துகொண்டிருந்தார்கள். அவர்களின் தறி நிற்பதில்லை. நான்கு முளை அடித்துத் தரையோடு தரையாகக் கட்டுவார்கள். கூட்டம் கிளம்பும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைத் தறியோடு சுருட்டிக் கொண்டுபோவார்கள். அடுத்த மேய்ச்சல் நிலத்தில் மறுபடி விரிப்பார்கள். இழுவிசை மாறுவதால் கம்பளம் ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கும்.

இவர்களில் ஒரு கூட்டத்தாரான காஷ்காய் மக்களின் பெண்கள் வரைபடம் பார்த்து நெய்வதில்லை. அம்மாவிடமும் பாட்டியிடமும் பார்த்துப் படித்ததுதான். அதனால் இரண்டு கம்பளம் ஒன்றுபோல இருப்பதில்லை. சாய்சதுரம், கொக்கி, எண்கோணம், ஆடு, பறவை, சீப்பு, சில சமயம் ஒரு சிங்கம். இடம் காலியாக இருந்தால் ஒரு பூவோ குஞ்சோ வந்து உட்காரும். ஃபார்ஸ், காஷான் இரண்டு இடங்களின் கம்பளக் கலையையும் 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மனப்பாடத்தின் ஊருக்கும் வரைபடத்தின் ஊருக்கும் ஒரே ஆண்டில் மரியாதை கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தக் கோலங்களுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொல்லும் பட்டியல்கள் நிறையப் புழங்குகின்றன. சீப்பு என்றால் தூய்மை, கொக்கி என்றால் காவல், இப்படி. அவற்றைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். தொழுகை விரிப்பில் வரும் வளைவு பள்ளிவாசலின் மிஹ்ராப் மாடத்தைக் குறிக்கிறது என்பது போன்ற சில தெளிவானவை. மற்றவற்றில் பலவற்றுக்கு நெய்தவர்கள் சொன்ன சாட்சியே கிடையாது. விற்கும் இடத்தில் சேர்ந்துகொண்டவை.

நடுவில் ஒரு கிராமம்

அரண்மனை, கூடாரம் இரண்டோடு கதை முடிவதில்லை. பழைய கம்பளங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவை இரண்டுக்கும் நடுவில், கிராமத்தில் பிறந்தவை. நகரத்துக் கோலத்தைக் கிராமம் பார்க்கிறது, ஆசைப்படுகிறது, தன் கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறது. வடமேற்கில் ஹெரீஸ் பகுதிக் கம்பளங்களில் தப்ரீஸின் பதக்கமும் மூலையும் அப்படியே இருக்கும், ஆனால் வளைவுகள் எல்லாம் நேர்கோடாக உடைந்திருக்கும். பூவின் இதழைக் கத்தரியால் வெட்டியது போல. முரட்டுத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது உறுதியாகத் தெரிகிறது.

ஹெராத்தின் பெயரிலேயே ஒரு கோலம் இருக்கிறது, ‘ஹெராத்தி’. சாய்சதுரத்துக்குள் ஒரு பூ, வெளியே நான்கு பக்கமும் வளைந்த நீள இலை. அந்த இலை மீன் போல இருப்பதால் ‘மாஹி’, மீன், என்றும் சொல்வார்கள். ஹெராத்திலிருந்து கிளம்பிய இந்தச் சின்னக் கோலம் தப்ரீஸ், ஃபெராஹான், பிஜார் என்று எங்கும் பரவிவிட்டது. பிஜார் போன்ற இடங்களில் ‘வாகிரே’ என்ற மாதிரித் துண்டை நெய்து வைத்துக்கொள்வார்கள்: பூவில் கொஞ்சம், கரையில் கொஞ்சம், மூலையில் கொஞ்சம். கோலத்தைத் தாளில் பார்க்காமல் முடிச்சாகவே பார்த்து, அதைப் பின்பக்கம் திருப்பி எண்ணி நெய்யலாம்.

சால்வையிலிருந்து வந்த மாங்காய்

நம் புடவைகளில் மாங்காய் என்று சொல்லும் வடிவத்துக்குப் பாரசீகத்தில் ‘போதே’ என்று பெயர். சொல்லுக்குப் பொருள் செடி, புதர். தலை சாய்ந்த சைப்ரஸ் மரம் என்பார்கள் சிலர், தீச்சுடர் என்பார்கள் சிலர். காஷ்மீர் சால்வைகளில் அது முதலில் வேரோடு நிற்கும் பூச்செடியாகத்தான் இருந்தது. பின்னால் மெல்ல மெல்லத் தலை வளைந்து, உடல் அடர்ந்து, மாங்காய் ஆனது. அந்தச் சால்வையை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நகல் எடுத்தபோது ஊரின் பெயரே வடிவத்துக்கு ஒட்டிக்கொண்டது. சால்வை என்ற நம் சொல்லும் ‘ஷால்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கெர்மானும் சால்வைக்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சால்வை வியாபாரம் படுத்தபோது அங்கிருந்த கோலக்காரர்களும் நெசவாளர்களும் கம்பளத்துக்கு மாறினார்கள். கெர்மான் கம்பளங்களில் போதே நிறைந்திருப்பதற்கும் கோடுகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

மாஞ்செஸ்டர் கேட்ட நிறம்

1722இல் ஆப்கானியப் படை இஸ்ஃபஹானைப் பிடித்ததும் ஸஃபாவி அரண்மனைப் பட்டறைகள் நின்றுபோயின. அதற்குள் ஐரோப்பா இந்தக் கம்பளங்களைச் சுவைத்துவிட்டது. ஷா அப்பாஸ் காலத்திலேயே, 1601இல், போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்ட் தன் வியாபாரியைக் காஷானுக்கு அனுப்பிக் கம்பளம் நெய்து வாங்கினார். 1878இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு போலந்துக் குடும்பத்தின் பட்டுக் கம்பளங்களைப் பார்த்தவர்கள் அவை போலந்தில் நெய்தவை என்றே நம்பிவிட்டார்கள். ‘பொலொனெய்ஸ்’ என்ற தவறான பெயர் அந்த வகைக்கு இன்றும் நீடிக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தப்ரீஸ் வியாபாரிகள் ஏற்றுமதிக்காகத் தொழிலை மறுபடி எழுப்பினார்கள். 1883இல் மாஞ்செஸ்டரைச் சேர்ந்த சீக்லர் நிறுவனம் சுல்தானாபாதில், இன்றைய அராக்கில், கடை போட்டது. ஐரோப்பிய வரவேற்பறைக்கு ஏற்ற நீள அகலம், மங்கலான நிறம், பெரிதாக்கிய பூ. ஹெராத் ஓவியர் நெருக்கமாக வரைந்த கொடியை இங்கே இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். அசல் பூவைப் போலவே தெரியும் ரோஜாக் கொத்துகளும் அப்போது கம்பளத்துக்கு வந்தன. அவற்றுக்கு ‘கோல் ஃபராங்’, வெளிநாட்டுப் பூ, என்று பெயர். சிலர் இந்தக் கம்பளங்களைக் கலப்படம் என்று ஒதுக்குவார்கள். சீன மேகம் வந்தபோதும் அது வெளிநாட்டுச் சரக்குதான். எனக்கு ஒதுக்க மனம் வரவில்லை.

சாயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், பழுப்புக்கு வால்நட் ஓடு, மஞ்சளுக்கு மாதுளைத் தோலும் வேறு செடிகளும். ஒரே நீலம் கம்பளத்தின் நடுவில் திடீரென்று ஒரு பட்டையாக வெளிறி, பிறகு மறுபடி அடர்ந்தால் அது பழுதல்ல. ஒரு முறை தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த முறை தோய்த்த நூலைத் தொடங்கிய இடம் அது. ‘அப்ராஷ்’ என்பார்கள்.

மூலையைப் பாருங்கள்

ஒரு கம்பளத்தின் முன் நின்றால் எல்லோர் கண்ணும் நடுவுக்குத்தான் போகும். நீங்கள் கரை திரும்பும் மூலைக்குப் போங்கள். கீழ்க்கரையில் ஓடும் கொடி மூலையில் வளைந்து, ஒரு பூவை நாற்பத்தைந்து பாகையில் சரியாக நிறுத்தி, பக்கக் கரைக்குள் வழுக்கிக்கொண்டு போனால், யாரோ ஒருவர் அதை முன்கூட்டியே தாளில் கணக்குப் போட்டிருக்கிறார். கொடி நேராகப் போய் முட்டி நின்று, பக்கக் கரை வேறொரு பூவோடு புதிதாகத் தொடங்கினால், அங்கே தாள் இல்லை. நெய்தவர் மூலைக்கு வந்து சேர்ந்தபோதுதான் மூலையைப் பார்த்திருக்கிறார். சில கம்பளங்களில் கீழ் மூலைகள் இரண்டும் முட்டி நிற்கும், மேல் மூலைகள் இரண்டும் அழகாகத் திரும்பியிருக்கும். கீழே தொடங்கி மேலே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.